அழுக்குச் சட்டையில் ஏன் படுக்கிறது உங்கள் பூனை? வாசனை சொல்லும் சேதி!

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள். வேர்வையில் ஊறிய சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுகிறீர்கள். முகம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அதன்மேல் சுருண்டு படுத்திருக்கிறது உங்கள் பூனை. அதற்கென்றே ஆன்லைனில் தேடிப்பிடித்து வாங்கிய மெத்தை மூலையில் புத்தம்புதிதாகக் கிடக்கிறது. அதை ஒரு நாள்கூட அது சீண்டியதில்லை. நாமே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சட்டைதான் அதற்குப் பஞ்சு மெத்தை!

சட்டை மட்டுமா? சாக்ஸுக்குள் மூக்கை விடுவது, செருப்பில் தலையைத் தேய்த்துப் புரள்வது, அக்குளில் முகம் புதைப்பது, நீங்கள் தூங்கும்போது தலைமுடியை நக்குவது... 'இதுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அதே பூனை ஒரு நாள் உங்கள் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டால் சிரிப்பெல்லாம் போய்விடும். 'வேணும்னே பண்ணுது, திமிரு' என்று அடி விழும். சில வீடுகளில், 'இனி இது சரிப்பட்டு வராது' என்று பூனையைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

நாம் ரசிக்கிற அந்தச் சேட்டைக்கும், கோபப்படுகிற இந்தச் சேட்டைக்கும் பின்னால் பல நேரங்களில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. அது உங்கள் வாசனை. பூனைக்கு அது என்ன அர்த்தம் தருகிறது என்று புரிந்துவிட்டால், வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும். சில ஆபத்துகளையும் தவிர்த்துவிடலாம்.

கண் திறக்கும் முன்பே வேலை செய்யும் மூக்கு

பூனைக்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண் தெரியாது, காது கேட்காது. கண் திறக்கவே ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். ஆனால், மூக்கு மட்டும் பிறந்த கணத்திலேயே தயார். அம்மா எங்கே, பால் எங்கே, கூடப் பிறந்தவர்கள் எங்கே என்பதையெல்லாம் அது முகர்ந்துதான் கண்டுபிடிக்கிறது. பல குட்டிகள் சில நாள்களிலேயே 'இது என் காம்பு' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே தேடிப் போகும். கதகதப்பு, பால், பாதுகாப்பு மூன்றும் அதற்கு முதலில் அறிமுகமாவது ஒரு வாசனையாகத்தான்.

வளர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறுவதில்லை. தூரத்தில் ஓடும் எலியை அசத்தலாகக் கவனிக்கும் பூனைக்கு, மூக்குக்கு நேராக ஒரு அடிக்குள் இருக்கும் பொருள் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அது மூக்கையும் மீசையையும் முன்னே நீட்டுகிறது. அவ்வளவு கிட்டத்தில் உங்களை அது 'பார்ப்பது' மூக்கால்தான்.

அந்தச் சின்ன மூக்குக்குள் இருக்கும் ஏற்பாடும் லேசுப்பட்டதல்ல. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் பூனை மூக்கின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் உருவாக்கி, உள்ளே காற்று எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். உள்ளே இழுக்கும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு சுத்தமாகி, ஈரமாகி நுரையீரலுக்குப் போகிறது. இன்னொரு பங்கு மோப்பம் பிடிக்கும் பகுதிக்கு வேகமாகப் போய், சுருள் சுருளான பல வழிகளில் சுற்றி வருகிறது. ஆய்வகங்களில் ரசாயனங்களைப் பிரித்தறியப் பயன்படும் 'கேஸ் குரோமட்டோகிராஃப்' கருவியோடு இதை அவர்கள் ஒப்பிட்டார்கள். அதே அளவு தலைக்குள் ஒரு நேர்க்குழாய் மூக்கு இருந்தால் என்ன கிடைக்குமோ, அதைவிட 100 மடங்குக்கும் மேல் திறமையானது இந்தச் சுருள் மூக்கு என்றது அவர்களின் கணக்கு.

உங்கள் வாசனை எங்கிருந்து வருகிறது?

வேர்வைக்கென்று பெரிதாக வாசனை கிடையாது. அக்குள் போன்ற இடங்களில் உள்ள ஒரு வகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைச் சுரக்கின்றன. நம் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் 'உடல்வாடை' பிறக்கிறது. யார் தோலில் எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது, அவருடைய மரபணு, சாப்பாடு, உடல்நிலை எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆள் இது மாறும். கைரேகை போல மூக்குக்கும் ஒரு ரேகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது பூனை எங்கெல்லாம் மூக்கை நுழைக்கிறது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். அக்குள், கால்விரல் இடுக்கு, காதின் பின்பக்கம், தலைமுடி, தலையணை உறை, அழுக்குக்கூடை, உள்ளாடை. எல்லாமே இந்த வாசனை அடர்த்தியாகத் தேங்கும் இடங்கள். உள்ளாடையை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்குவதற்கும் காரணம் இதுதான். அதற்கு அது அந்தரங்கமான துணி அல்ல; உங்கள் பெயர் பெரிய எழுத்தில் எழுதப்பட்ட துணி.

வாயருகே வந்து முகர்வது, 'இன்னிக்கு என்ன சாப்பிட்ட?' என்ற விசாரணை. வெளியே போய் வந்ததும் பேன்ட்டையும் பையையும் அங்குலம் அங்குலமாக முகர்வது, 'எங்கெல்லாம் போன, எந்தப் பூனையைக் கொஞ்சின?' என்ற விசாரணை. தெருமுனையில் வேறொரு பூனையைத் தடவிவிட்டு வந்து நீங்கள் எதையும் மறைக்க முடியாது!

அதற்கு உங்களை அடையாளம் தெரியுமா?

'அதெல்லாம் சரி, என் வாசனையையும் அடுத்தவர் வாசனையையும் அது பிரித்துப் பார்க்குமா?' என்று கேட்கலாம். ஜப்பானில் டோக்கியோ வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். முடிவுகள் 2025 மே மாதம் வெளியாயின.

30 பூனைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பிளாஸ்டிக் குழாய்கள் வைக்கப்பட்டன. ஒன்றில் உரிமையாளரின் அக்குள், காதின் பின்புறம், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் துடைத்தெடுத்த பஞ்சு. இன்னொன்றில் அந்தப் பூனை சந்தித்தே இராத ஒருவரிடமிருந்து அதே இடங்களில் எடுத்த பஞ்சு. மூன்றாவதில் வெறும் பஞ்சு.

பூனைகள் எதை அதிக நேரம் முகர்ந்தன தெரியுமா? உரிமையாளரை அல்ல, முன்பின் தெரியாதவரை!

'அடப்பாவி, இதுக்கா இத்தனை மீன் வாங்கிப் போட்டேன்' என்று நொந்துகொள்ள வேண்டாம். வீட்டு வாசலில் தினமும் பார்க்கிற பால்காரரை நீங்கள் உற்றுப் பார்ப்பதில்லை. புதிதாக ஒருவர் வந்து நின்றால்தான் மேலும் கீழும் பார்ப்பீர்கள். அதே கதைதான். உங்கள் வாசனையை அது ஏற்கெனவே படித்து முடித்துவிட்டது. புதியவரைத்தான் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சுவாரஸ்யமும் வெளிப்பட்டது. அறிமுகமில்லாத வாசனையைப் பூனைகள் முதலில் வலது நாசியால் முகர்ந்தன. பழகப் பழக இடது நாசிக்கு மாறின. வலது நாசி தரும் தகவல் மூளையின் வலது பாதிக்குப் போகிறது. புதிய, உஷாராக இருக்க வேண்டிய விஷயங்களை மூளையின் அந்தப் பாதி கையாள்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். முகர்ந்து முடித்த பல பூனைகள் அந்தக் குழாயிலேயே முகத்தைத் தேய்த்தன. முகர்வதும் தேய்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் போல.

ஒன்றை மட்டும் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பூனைகள் 'தெரிந்தவர்', 'தெரியாதவர்' என்று பிரிக்கின்றன என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டியது. வீட்டில் உள்ள ஐந்து பேரில் 'இது அப்பா, இது அக்கா' என்று வாசனையை வைத்தே சொல்லுமா என்பது அடுத்த கட்டக் கேள்வி.

தேய்ப்பதும் மிதிப்பதும் எதற்காக?

வாசனையை வாங்குவது பாதி என்றால், கொடுப்பது மீதி. பூனையின் கன்னம், தாடை, உதட்டோரம், நெற்றி, வால் தொடங்கும் இடம், பாதம் ஆகியவற்றில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உங்கள் காலில் தலையை முட்டி, பக்கவாட்டில் உரசி, வாலைச் சுற்றிவிட்டுப் போகிறதே, அப்போது ஒரே நடையில் அத்தனை முத்திரைகளையும் குத்திவிட்டுத்தான் போகிறது. உங்கள் மடியிலும் போர்வையிலும் முன்னங்கால்களால் மாற்றி மாற்றி மிதிப்பது, குட்டியாக இருந்தபோது பால் சுரக்க அம்மாவின் வயிற்றைப் பிசைந்த பழக்கத்தின் மிச்சம். அப்போது பாதத்தின் வாசனையும் துணியில் ஒட்டிக்கொள்கிறது.

பிரான்ஸைச் சேர்ந்த கால்நடை நடத்தை ஆய்வாளர் பாட்ரிக் பஜா, பூனையின் முகச் சுரப்பில் ஐந்து வகைக் கலவைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்று, தனக்குப் பழகிய பொருள்கள்மீது பூனை விட்டுச்செல்வது. இன்னொன்று, தனக்குப் பழகிய உயிர்கள்மீது தேய்ப்பது. கதவு நிலை, மேஜைக்கால், உங்கள் முழங்கால் எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. இப்போது கடைகளில் கிடைக்கும், சுவர் பிளக்கில் மாட்டும் 'பூனை ஃபெரோமோன்' கருவிகள் சிலவற்றில் இருப்பது இந்த முதல் வகையின் செயற்கை வடிவம்தான்.

கூட்டமாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். அப்படி உரசி உரசி, எல்லோர் மேலும் ஒரு பொது வாசனை உருவாகிறது. அதுதான் அவற்றின் ரேஷன் கார்டு. அந்த வாசனை இருந்தால் நம்மாள், இல்லாவிட்டால் அந்நியன். இரண்டு பூனை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வந்தால், வீட்டில் இருந்த இன்னொன்று சீறிக்கொண்டு பாயும். காலைவரை ஒரே மெத்தையில் படுத்திருந்த ஜோடிதான். ஆனால், திரும்பி வந்தது ஸ்பிரிட்டும் மருந்தும் வேறு விலங்குகளும் கலந்த வாசனையோடு வந்திருக்கிறதே!

உங்கள் அழுக்குச் சட்டைக்கு இப்போது திரும்பி வருவோம். அதில் உங்கள் வாசனை இருக்கிறது. காலையில் அது உரசிய அதன் வாசனையும் இருக்கிறது. இரண்டும் கலந்த அந்த வாசனைதான் பூனைக்கு 'நம்ம வீடு'. கடையில் வாங்கிய மெத்தையில் ஃபேக்டரி வாடைதான் அடிக்கிறது. குளித்துவிட்டு வந்ததும் ஓடிவந்து உங்கள்மேல் உரசுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். கஷ்டப்பட்டு எழுதி வைத்ததையெல்லாம் சோப்புப் போட்டு அழித்துவிட்டீர்கள். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டாமா?

சாக்ஸை முகர்ந்துவிட்டு வாயைப் பிளப்பது ஏன்?

சில நேரம் சாக்ஸையோ செருப்பையோ முகர்ந்த பூனை, மேலுதட்டைச் சுருட்டி, வாயைப் பாதி திறந்து, அருவருப்புப் பட்டதுபோல அப்படியே உறைந்து நிற்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். உண்மையில் அது அருவருப்பு அல்ல, ஆழ்ந்த ஆராய்ச்சி.

பூனையின் மேல்வாயில், முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு நுண்ணிய துளைகள் உண்டு. அவை 'ஜேக்கப்சன் உறுப்பு' என்ற தனி மோப்ப உறுப்புக்குப் போகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813-ல் விவரித்ததால் அந்தப் பெயர். மூக்கு வாசனையை அறிகிறது என்றால், இந்த உறுப்பு ஃபெரோமோன் போன்ற ரசாயனச் செய்திகளைப் படிக்கிறது. வாயைத் திறப்பது அந்தக் காற்றை உள்ளே அனுப்பத்தான். மாடும் குதிரையும் ஆடும்கூட இப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

பூனை வணங்கும் செடி

பூனையும் வாசனையும் என்று பேசும்போது நம் ஊர்ச் செடி ஒன்றை விட்டுவிட முடியாது. மேல்நாடுகளில் 'கேட்னிப்' என்ற செடியை முகர்ந்துவிட்டுப் பூனைகள் உருண்டு புரளும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். நம் தெருவோரத்தில் தானாக முளைக்கும் குப்பைமேனிக்கும் அந்தக் குணம் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் தேடி வந்து முகர்ந்து, தேய்த்து, மயங்கிக் கிடக்கும். இதைக் கவனித்துத்தான் நம் முன்னோர்கள் அதற்கு 'பூனைவணங்கி' என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். கேட்னிப்பில் உள்ள ரசாயனத்துக்கு நெருங்கிய உறவான ஒன்று குப்பைமேனி வேரிலும் இருப்பதைப் பிற்காலத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

ஆனால், இந்த ஈர்ப்பும் உங்கள் வாசனைமீது உள்ள ஈர்ப்பும் ஒன்றல்ல. செடியின் மயக்கம் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். எல்லாப் பூனைக்கும் அது வேலை செய்வதும் இல்லை. உங்கள் வாசனை என்பது பழகிப் பழகிச் சேர்த்த சொத்து.

படுக்கையில் சிறுநீர்... பழிவாங்கலா?

இப்போது அந்தக் கோபமான விஷயத்துக்கு வருவோம். நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வருகிறீர்கள். பூனைக்குச் சாப்பாடு வைக்கப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தீர்கள். லிட்டர் பாக்ஸ் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் தலையணைப் பக்கத்தில் ஈரம். 'விட்டுட்டுப் போனதுக்குப் பழிவாங்குது' என்று யாருக்கும் தோன்றும்.

அமெரிக்காவில் பிரிவுப் பதற்றம் கொண்ட 136 பூனைகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வந்தது. உரிமையாளர் இல்லாதபோது கண்ட இடத்தில் சிறுநீர் கழித்த பூனைகளில் 75 சதவிகிதம், உரிமையாளரின் படுக்கையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன. வீடு முழுக்க இடம் இருக்க, ஏன் படுக்கை? உங்கள் வாசனை மிக அடர்த்தியாக இருக்கும் இடம் அதுதானே! பயந்துபோன பூனை, உங்கள் வாசனையோடு தன் வாசனையைக் கலந்து வைக்கப் பார்க்கிறது என்பது நடத்தை நிபுணர்கள் பலர் தரும் விளக்கம். நமக்கு அது நாற்றம்; அதற்கு அது ஆறுதல்.

அதனால், திட்டுவதும் அடிப்பதும் மூக்கைக் கொண்டுபோய் ஈரத்தில் தேய்ப்பதும் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். பயம் கூடினால் அது மறுபடி அதையேதான் செய்யும்.

கவனம்: எல்லாவற்றையும் மனசு, பாசம் என்று முடித்துவிடக் கூடாது. சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றிலும் பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதை யோசிக்க வேண்டும். குறிப்பாக, ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும் அளவுக்கு அவசரம் அது.

ஈரத்தைத் துடைக்க அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால், பூனையை மறுபடி அங்கே அழைத்து வரும். சிறுநீர்மேல் ப்ளீச்சிங் பவுடர் போடுவதும் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்ஸைம் கிளீனர்தான் சரியான தேர்வு.

பாசமா... பழக்கமா?

ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைகளுக்கு உணவு, பொம்மை, வாசனைப் பொருள், மனிதரோடு விளையாட்டு என்று பல தேர்வுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவில் முதலிடம் பிடித்தது மனிதத் துணை. உணவுக்கு இரண்டாமிடம்தான். 2019-ல் அதே பல்கலைக்கழகத்தில் குட்டிகளைப் புதிய அறையில் உரிமையாளரிடமிருந்து சிறிது நேரம் பிரித்துப் பார்த்தார்கள். உரிமையாளர் திரும்பி வந்ததும் சுமார் 64 சதவிகிதக் குட்டிகள் நிம்மதியாகி, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. குழந்தை அம்மாவிடம் காட்டும் பற்றுதலோடு ஒப்பிடக்கூடிய நடத்தை இது.

அப்படியானால் ஊருக்குப் போகும்போது ஒரு பழைய சட்டையைப் போட்டுவிட்டுப் போனால் போதுமா? போதாது. 2021-ல் அதே பல்கலைக்கழகக் குழு, பழக்கமில்லாத இடத்தில் பூனைகளுக்கு உரிமையாளரின் வாசனை கொண்ட பொருளைக் கொடுத்துப் பார்த்தது. நேரில் உரிமையாளர் இருப்பது தந்த பலனை, வாசனை மட்டும் தரவில்லை. உங்கள் வாசனை பூனைக்குப் பிடிக்கும். ஆனால், அதற்கு வேண்டியது நீங்கள்தான்.

இந்த ஈர்ப்பில் ஒளிந்திருக்கும் ஆபத்து

உங்களை முகர்வது மட்டுமல்ல, நக்கவும் செய்கிறது பூனை. உங்கள்மேல் உரசி ஒட்டிக்கொண்டதையும் பிறகு தன் உடம்பைச் சுத்தம் செய்யும்போது நக்கி விழுங்குகிறது. பல ரசாயனங்களைச் செயலிழக்க வைக்கும் ஒரு முக்கியமான வழி பூனையின் கல்லீரலில் மிக பலவீனமாக இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாதது அதற்கு விஷமாவது இதனால்தான்.

வலி நிவாரண கிரீம்: உரிமையாளர்கள் தங்கள் கழுத்திலும் காலிலும் பூசிக்கொண்ட ஃப்ளர்பிபுரோஃபென் கலந்த வலி மருந்தால் பூனைகள் நோயுற்றதாகவும் சில இறந்ததாகவும் 2015-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பூனைமேல் யாரும் அதைப் பூசவில்லை. பூசிய இடத்தை மூடி வையுங்கள், கையைக் கழுவுங்கள், அந்தத் துணியில் பூனையைப் படுக்க விடாதீர்கள்.

முடி வளர்ச்சி லோஷன்: மினாக்ஸிடில் கலந்த லோஷன் பூனைக்குச் சிறிதளவிலேயே உயிருக்கு ஆபத்து. உங்கள் தலையை நக்கும், உங்கள் தலையணையில் படுக்கும் பூனை என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

பினாயில்: தரையைத் துடைத்த ஈரத்தில் நடந்துவிட்டு, பாதத்தை நக்கும். பீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பூனை இருக்கும் வீட்டில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. எதைப் போட்டுத் துடைத்தாலும் தரை நன்றாகக் காயும்வரை பூனையை வேறு அறையில் விடுங்கள்.

தைலமும் அந்துருண்டையும்: தலைவலித் தைலம், டீ ட்ரீ ஆயில், நீலகிரித் தைலம், பீரோவில் போடும் அந்துருண்டை இவையெல்லாம் பூனைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சிகரெட்: புகை உங்கள் சட்டையிலும் பூனையின் ரோமத்திலும் படிகிறது. புகைப்பவர் இருக்கும் வீட்டுப் பூனைகளுக்கு லிம்போமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்றது 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு.

வாசனையை வைத்தே வீட்டைச் சுமுகமாக்கலாம்!

வீடு மாறும்போது: பூனையின் போர்வையையும் உங்கள் பழைய தலையணை உறையையும் துவைக்காமல் எடுத்துப் போங்கள். புது வீட்டில் முதலில் ஒரே ஓர் அறையில் இவற்றோடு பூனையை விடுங்கள். அந்த அறை பழகிய பிறகு மற்ற அறைகளைத் திறந்துவிடலாம்.

குழந்தை பிறந்திருந்தால்: தாயும் சேயும் வீட்டுக்கு வரும் முன், குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றைக் கொண்டுவந்து பூனை முகரும்படி வையுங்கள். அதன் அருகிலேயே பிடித்த தீனி கொஞ்சம் வைத்தால், புது வாசனை நல்ல விஷயமாகப் பதியும். பூனையையும் குழந்தையையும் தனியாக ஒரே அறையில் விடாதீர்கள்.

இரண்டாவது பூனை வந்தால்: முதல் நாளே நேருக்கு நேர் நிறுத்த வேண்டாம். தனித்தனி அறைகளில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றதிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சீறாமல் முகரத் தொடங்கிய பிறகு கதவிடுக்கு வழியாக அறிமுகம் செய்யலாம்.

மருத்துவமனையிலிருந்து வந்தால்: போய் வந்த பூனையைச் சில மணி நேரம் தனியறையில் வையுங்கள். வீட்டில் இருந்த பூனை படுத்த துணியால் மெல்லத் துடைத்துவிட்டால் 'ரேஷன் கார்டு' புதுப்பிக்கப்பட்டுவிடும்.

ஊருக்குப் போகும்போது: உங்கள் சட்டை ஒன்றை அதன் படுக்கையில் போடுங்கள், ஆனால், அதை மட்டும் நம்பாதீர்கள். பூனைக்குத் தெரிந்த ஒருவர் தினமும் வந்து, சாப்பாடு வைத்துவிட்டு ஓடாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்து போகட்டும்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது: பூனையின் படுக்கை, போர்வை, கீறும் பலகை எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்துப் போட்டால் வீடே அதற்கு அந்நியமாகிவிடும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அதன் படுக்கைக்குப் பக்கத்தில் ரூம் ஸ்ப்ரே வேண்டாம்.

புதிதாக ஒரு பூனையைச் சந்திக்கும்போது: பாய்ந்து தூக்காதீர்கள். விரலை அதன் மூக்கு உயரத்துக்கு நீட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். அது முகர்ந்து, கன்னத்தை உங்கள் விரலில் தேய்த்துவிட்டால், 'சரி, தொட்டுக்கோ' என்று அனுமதி கிடைத்துவிட்டது. முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்குச் சாயங்காலமும் நீங்கள் சட்டையைக் கழற்றிப் போடுவீர்கள். அது வந்து படுக்கும். வாஷிங் மெஷினில் போட அவசரமில்லை என்றால், அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பகலெல்லாம் நீங்கள் இல்லாத வீட்டில் காத்திருந்த பூனை, இப்போதுதான் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.